மூணாம் சேனலில் மாமனார்

மேடையில் பேசுகிறவர்களைப் பற்றி எழுதிக் குவித்தாகிவிட்டது. அவர்களுடைய சட்டைக்குள் கைவிட்டு ஒயர் இழுக்கிறவனைப் பற்றி எழுத ஆளில்லை. அந்தக் குறை இன்றோடு தீரட்டும்.

ஹலோ என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அதைத் தொழில் வைத்தது. கம்பியில்லா மைக்குகளை வாடகைக்கு விடுவதும், கூட்டங்களிலும் வீடியோ படப்பிடிப்புகளிலும் அவற்றைப் பேசுகிறவர்கள் மேல் மாட்டிவிடுவதும் அவருடைய பிழைப்பு. எப்பேர்ப்பட்ட முதலாளியானாலும் ஹலோவின் முன்னால் இரண்டு கைகளையும் லேசாகத் தூக்கிக்கொண்டு, வயிற்றை எக்கி நிற்கத்தான் வேண்டும். ஹலோ சட்டைப் பித்தானுக்குப் பக்கத்தில் காலர் மைக்கைக் கடிக்க விடுவார். ஒயரை உள்வழியாக இறக்குவார். இடுப்புப் பட்டையில் டிரான்ஸ்மிட்டரைச் செருகுவார். ஊரே வியக்கும் பெரிய மனிதர்களில் யார் யாருக்குக் கிழிந்த பனியன் என்பது அவருக்கு அத்துப்படி. வெளியே சொன்னதில்லை. சொல்லாமல் சிரிப்பதோடு சரி, அது இன்னும் மோசம்.

டிரான்ஸ்மிட்டர் என்பது தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய டப்பா. பேசுகிறவரின் குரலைக் காற்றில் எறியும். அதைப் பிடிக்க இன்னொரு டப்பா, ரிசீவர். அது ஒலிகளைக் கலக்கும் மிக்சருக்குப் பக்கத்திலோ கேமராவின் தலையிலோ உட்கார்ந்திருக்கும். இரண்டும் ஒரே சேனலில் இருந்தால்தான் ஒன்று பேசுவது மற்றதற்குக் கேட்கும். கணவன் மனைவி மாதிரிதான், என்ன, இங்கே ஒத்துவராவிட்டால் சேனலை மாற்றிக்கொள்ளலாம்.

புது பேட்டரி போடாமல் எந்த வாயையும் ஹலோ நம்பியதில்லை. ஒரு நிகழ்ச்சிக்குப் போட்டதை அடுத்த நிகழ்ச்சிக்குப் போட மாட்டார். பாதி தீர்ந்தவை வீட்டுக்கு வந்துவிடும். வீட்டுச் சுவர்க் கடிகாரமும் டிவி ரிமோட்டும் அவர் மனைவியின் கிச்சன் தராசும் ஓடுவதெல்லாம் அடுத்தவர்களுடைய சொற்பொழிவுகளின் மிச்சத்தில். "என் கையில எந்த மைக்கும் செத்ததில்ல" என்பார். சக தொழிலாளிகள் கடவுளை நம்புகிற இடத்தில் அவர் இந்த ஒரு வாக்கியத்தை வைத்திருந்தார்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மைக்கைச் சோதிக்க மற்றவர்கள் ஹலோ ஹலோ என்பார்கள், ஒண்ணு ரெண்டு எண்ணுவார்கள். பெயரே ஹலோவாகிப்போன மனிதர் அதை எப்போதோ விட்டுவிட்டார். ஹலோ என்று சொன்னால் மைக்குக்கு உயிர் இருக்கிறதா என்று தெரியுமே தவிர அதன் குணம் தெரியாது. ப-வில் பொத்தென்று வெடிக்கிறதா, ச-வில் சீறுகிறதா, குரல் தாழ்ந்தால் முழுங்குகிறதா, உயர்ந்தால் கிழிகிறதா, எல்லாம் தெரிய வேண்டுமானால் உணர்ச்சியோடு பேச வேண்டும். பல வருடம் யோசித்து அவர் கண்டுபிடித்தது, ஒருவரைத் திட்டினால் இவை எல்லாமே ஒரே மூச்சில் வந்துவிடுகின்றன. யாரைத் திட்டுவது என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. மாமனார் கீழ் வீட்டில் இருந்தார்.

சரியாகச் சொன்னால், வீடே மாமனாருடையது. ஹலோ வீட்டோடு மாப்பிள்ளை. மாமனார் ஒரு காலத்தில் ஏலக்காரர். திவாலான கம்பெனிகளின் மேசை நாற்காலி, பறிமுதல் செய்த வண்டி, செத்தவர்கள் வீட்டுப் பீரோ எல்லாவற்றையும் கூவிக் கூவி விற்றவர். மைக் பிடித்ததே கிடையாது. அவர் "ஒரு தரம்" என்று கூவினால் தெருமுனையில் சைக்கிள் நிற்கும். அப்படிப்பட்ட தொண்டைக்காரரின் மகள், ஊர்த் தொண்டைகளுக்கெல்லாம் ஒத்தாசை செய்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அவர் சம்மதித்தார். மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அறிமுகம் செய்வார்.

"இவர் நம்ம மாப்பிள்ளை. ஹலோ சொல்லுவார். அப்புறம் மத்தவங்க பேசுவாங்க."

சாப்பிடும்போது கேட்பார்.

"மாப்ளே, இன்னிக்கு எத்தனை பேர் இடுப்பைத் தடவினீங்க?"

ஹலோ சோற்றைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். மனைவி சிரிப்பாள். அவள் அப்பாவைப் பார்த்தும் சிரிப்பாள், கணவனைப் பார்த்தும் சிரிப்பாள். யார் பக்கம் என்று சொல்ல முடியாத சிரிப்பு அது. அந்த வீட்டில் பிழைக்கத் தெரிந்தது அவள் ஒருத்திதான்.

காலம் எல்லோருக்கும் பேட்டரி போட்டுத்தான் அனுப்புகிறது. ஏலக்காரருக்கு முதலில் தீர்ந்தது காது. டாக்டர் கொடுத்த காதுக்கருவி கீச்சென்று கத்தியது. அதைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, மறந்துபோய் அதன் மேலேயே உட்கார்ந்தார். புதிதாக ஒன்று வாங்கலாம் என்று ஹலோ சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். கேட்காத மாமனார் என்பது எந்த மருமகனும் அவசரப்பட்டு ரிப்பேர் செய்கிற பொருள் அல்ல.

அந்த நேரத்தில்தான் ஹலோவுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வீடியோவில் பாடம் நடத்துகிற ஒரு கம்பெனி, தன் ஆசிரியர்களையெல்லாம் இனிமேல் அவரிடமே அனுப்பிப் பதிவு செய்வதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை, சத்தம் வராத ஒரு அறை அவருக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். மண்டபம் மண்டபமாகப் பெட்டி தூக்குவது நிற்கும். மற்றவர்கள் அவரைத் தேடி வருவார்கள். அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, விரலைத் தூக்கி, "இப்பப் பேசுங்க" என்பார். முதல்முறையாக அவர் சொன்ன பிறகுதான் அடுத்தவன் வாயைத் திறப்பான். ஹலோ இதற்காகத் தூக்கத்தை இழந்தார்.

வீட்டில் அப்படி ஒரு அறை இருந்தது. தடித்த சுவர், ஒரே ஒரு ஜன்னல், அதுவும் தோட்டப் பக்கம். தெருச் சத்தம் எட்டிப் பார்க்காது. அந்த முன்னறையில் மாமனார் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். மாடியில் ஹலோ இருந்த அறைக்குத் தகரக் கூரை. காகம் நடந்தால்கூட ரிக்கார்டு ஆகும்.

அறையைக் கேட்டுப் பார்த்தார். காதோரம் குனிந்து, கத்தி, கையால் ஜாடை காட்டிக் கேட்டார்.

"என் ரூமா? நான் செத்தப்புறம் எடுத்துக்கங்க மாப்ளே. அதுவரைக்கும் ஹலோ சொல்லிட்டு இருங்க."

பதில் இவ்வளவுதான். அறை வேண்டுமானால் வீடு மனைவி பெயருக்கு வர வேண்டும், வீடு வர வேண்டுமானால் கிழவரின் மனசு வர வேண்டும் என்று ஹலோ கணக்குப் போட்டார். மனசுக்குப் போக அவருக்குத் தெரிந்த வழி காது ஒன்றுதான்.

ஒரு நாள் காலையில் ஒரு ரிசீவரை எடுத்துவந்தார். கேமரா மேல் மாட்டுகிற சின்ன வகை. அதில் இயர்போன் செருக ஒரு துளை உண்டு. அதை மாமனாரின் இடுப்பில் மாட்டி, இயர்போனைக் காதில் வைத்து, ஒலிச் சக்கரத்தை நன்றாகத் திருகிவிட்டார். டிரான்ஸ்மிட்டரில் காலர் மைக்கைச் செருகி, டிவியின் ஸ்பீக்கருக்கு எதிரில் வைத்தார். எதிலும் பழைய பேட்டரி இல்லை. எல்லாம் புத்தம் புதுசு.

மாமனார் டிவியைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார்.

"மாப்ளே, செய்தி வாசிக்கிற பொண்ணுக்கு ஜலதோஷம்!"

அன்றைக்கு மாமனார் மருமகனை முதல்முறையாகப் பாராட்டினார். நேராக இல்லை, மகளிடம். "உன் வீட்டுக்காரனுக்கு ஏதோ தெரியுதும்மா."

அதற்குப் பிறகு டிரான்ஸ்மிட்டர் வீட்டுக்குள் சுற்றுப்பயணம் போனது. சாப்பாட்டு வேளையில் மேசைக்கு வரும். மகள் அதை எடுத்து மைக்கைச் சட்னிக் கரண்டி மாதிரி பிடித்துக்கொண்டு, "அப்பா, இன்னும் கொஞ்சம் போடவா?" என்பாள். கிழவர் முகம் மலரும். அவருக்குக் கேட்கக் கூடாத பேச்சு வந்தால் ஹலோ பட்டனைத் தட்டுவார், பச்சை விளக்கு சிவப்பாகும். மதியம் எல்லோரும் ஓய்வெடுக்கும்போது பேட்டரி வீணாகிறது என்று சொல்லி அணைத்தே வைத்துவிடுவார். கிழவர் எதை எப்போது கேட்க வேண்டும் என்பது மருமகனின் கட்டைவிரலில் இருந்தது. இதைக் கொடுமை என்று சொல்வதற்கில்லை. கிழவரே அந்த விரலை ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மைக் வழியாக வீட்டுப் பேச்சும் மெல்ல மெல்லப் போனது. மகள்தான் பேசினாள், கொஞ்சம் அழுதும் பேசினாள். காலர் மைக்கில் அழுகை அவ்வளவு நன்றாக எடுக்கும் என்று ஹலோவுக்கே அன்றுதான் தெரிந்தது. கடைசியில் ஏலக்காரர் தலையாட்டினார். வீட்டை மகள் பெயருக்குத் தானமாக எழுதித் தருவதாகச் சொன்னார். பதிவு அலுவலகத்தில் நாள் வாங்கியாகிவிட்டது.

இங்கே ஹலோவின் வேலைமேசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாடித் தகரக் கூரையின் கீழே அந்த மேசை. அதன் மேல் சோதனைக்கென்று ஒரு ரிசீவர் நிரந்தரமாக உட்கார்ந்திருந்தது, மூணாம் சேனலில். ரிப்பேரோ, வாடகைக்குப் போகும் முன் சோதனையோ, எந்த டிரான்ஸ்மிட்டர் மேசைக்கு வந்தாலும் முதலில் அதை மூணாம் சேனலுக்குத் திருப்புவார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு திட்டிப் பார்ப்பார். தேறினால் வெளியே அனுப்பும்போது வேறு சேனல் கொடுப்பார். கை தானாகச் செய்யும், மூளையைக் கேட்காது. மாமனாருக்கான செட்டும் இந்த மேசையில்தான் தயாரானது. அது வெளியே போகிற சரக்கு இல்லையே என்று சேனலை மாற்றாமல் விட்டுவிட்டார். இருந்திருந்து அவர் செய்த ஒரே தொழில் பிழை அது.

பதிவுக்கு முந்தைய வாரம். மதியம். டிவிக்கு எதிரே இருந்த டிரான்ஸ்மிட்டர் அணைந்து கிடந்தது. கிழவர் இயர்போனைக் கழற்றவில்லை. கழற்றினால் ஏதோ துணியில்லாமல் உட்கார்ந்திருப்பது போல் இருந்தது அவருக்கு. சத்தமில்லாமல் வாயசைக்கிற டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தவரின் காதுக்குள், திடீரென்று, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல ஒரு குரல்.

"பெருசு. பழம் பெருசு. பாடையில போகாத பெருசு. ம்... ப நல்லா இருக்கு. சனியன். சாகாத சனியன். சொத்து மேல சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கற சனியன். ச கொஞ்சம் சீறுது."

கிழவர் டிவியைப் பார்த்தார். அதில் ஒரு பெண் துணி துவைக்கும் சோப்பை விற்றுக்கொண்டிருந்தாள்.

மாடிப்படியில் வளையல் சத்தம், பிறகு மகள் குரல்.

"டீ கொண்டாந்திருக்கேன். யாரை இந்தத் திட்டு திட்டறீங்க?"

"மைக் செக் பண்றேன்."

"எங்க அப்பாவை வெச்சா?"

"அவரை வெச்சாத்தான் ரேஞ்ச் வருது."

அவள் சிரித்தாள். கிழவருக்குத் தெரிந்த அதே சிரிப்பு.

"ஏங்க, கையெழுத்து ஆனதும் பின்னாடி ஸ்டோர் ரூமைக் காலி பண்ணி அப்பா கட்டிலை அங்க போட்டுடலாம். நீங்க முன்ரூமை உடைச்சு ஸ்டூடியோ ஆக்கறதுன்னா உடனே ஆரம்பிச்சுடுங்க."

"அங்க ஜன்னலே இல்லையே."

"காதே இல்லாதவருக்கு ஜன்னல் எதுக்கு?"

"அடிப்பாவி. நான்கூட இவ்வளவு யோசிக்கலடி."

"அவர் பொண்ணுதானே நான்."

"அப்ப அந்த செட்டு?"

"அதை எதுக்கு வேஸ்ட்டா? வாடகைக்கு விடுங்க. அதுக்கப்புறம் அவர்கிட்ட யார் என்ன பேசப் போறா?"

கிழவரின் கை இடுப்பிலிருந்த ரிசீவருக்குப் போனது. ஒலிச் சக்கரத்தைத் தேடிப் பிடித்தது. குறைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கூட்டினார். மகள் இவ்வளவு தெளிவாகப் பேசி அவர் கேட்டு வருடக் கணக்காகியிருந்தது.

அன்று மாலை அவர் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. வழக்கம்போலச் சாப்பிட்டார், வழக்கம்போலக் குறை சொன்னார். மறுநாள் மதியம் தானே டிவியை அணைத்துவிட்டு, இயர்போனோடு தயாராக உட்கார்ந்தார். மேசைக்கு வந்த ஒவ்வொரு மைக்கும் அவரைத் திட்டிவிட்டுப் போனது. அவர் குறட்டை, அவர் பல் செட்டு, அவர் கழிவறையில் எடுத்துக்கொள்கிற நேரம் எல்லாம் விலாவாரியாக வந்தன. கேட்டுக்கொண்டே சில சமயம் தலையை ஆட்டினார், சரிதான் என்பது போல.

எழுதித் தர மாட்டேன் என்று அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அவர் ஏலக்காரர். ஏலக் கேட்பு ஏறிக்கொண்டிருக்கும்போது யாராவது சுத்தியலைத் தட்டுவார்களா? கால் அமுக்கச் சொன்னார், மகள் அமுக்கினாள். மெத்தை முதுகைக் குத்துகிறது என்றார், ஹலோ புது மெத்தையைத் தலையில் சுமந்து வந்தார். ஜன்னலுக்குத் திரை வேண்டும் என்றார்.

"நீலத்துல போடும்மா. ஒரு ரூமுக்கு ஜன்னல்தானே அழகு?"

மகள் அளவெடுத்து, தைத்து, தொங்கவிட்டாள். எதுவும் உறைக்கவில்லை அவளுக்கு.

பதிவுக்கு முந்தைய நாள் சாப்பாட்டில் கிழவர் கேட்டார்.

"மாப்ளே, நாளைக்கு அந்த ஆபீசர் பேசறது எனக்குக் கேக்குமா?"

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் மாமா. ஆபீசருக்கே மைக் மாட்டிடறேன்."

"மாட்டுவீங்களா! செத்துடாதே?"

"என் கையில எந்த மைக்கும் செத்ததில்ல மாமா."

"ஆமாமா, கேள்விப்பட்டிருக்கேன்."

பதிவு அலுவலகம் எல்லாப் பதிவு அலுவலகங்களையும் போலத்தான் இருந்தது. உள்ளே காற்றைத் தவிர எல்லாமே கட்டுக்கட்டாக. பதிவாளர் மூக்குப்பொடி நிறத்தில் ஒரு கோட்டுப் போட்டிருந்தார். எழுதிக் கொடுக்கிறவர் காது கேளாதவர், அதற்காக ஒரு சின்ன ஏற்பாடு என்று ஹலோ பணிவாகச் சொன்னதும் முகத்தைச் சுளித்தார். மைக் என்றதும் சுளிப்பு இளகியது. மைக்கை வேண்டாம் என்று சொன்ன அதிகாரி இன்னும் பிறக்கவில்லை. எழுந்து நின்று இரண்டு கைகளையும் தூக்கினார். ஹலோ கோட்டின் மடிப்பில் மைக்கைக் கடிக்க விட்டு, டிரான்ஸ்மிட்டரைக் கோட்டுப் பையில் போட்டார். புது பேட்டரி. மாமனாரின் ரிசீவரில் சிக்னல் கோடுகள் கடைசி வரை ஏறி நின்றன.

பதிவாளர் தொண்டையைச் செருமினார்.

"பெரியவரே, இந்த வீட்டை உங்க மகளுக்கு உங்க சொந்த விருப்பத்துல, யாரோட வற்புறுத்தலும் இல்லாம எழுதிக் குடுக்கறீங்களா?"

கிழவர் அவரை அன்போடு பார்த்தார்.

"கேக்கல."

ஹலோ குனிந்து ஒலிச் சக்கரத்தைக் கூட்டினார். பதிவாளர் கேள்வியை மறுபடி சொன்னார், இந்தத் தடவை மேடைப் பேச்சு மாதிரி ஏற்ற இறக்கத்தோடு.

"கேக்கல மாப்ளே. பேட்டரி தீந்துபோச்சா?"

வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஹலோ ரிசீவரைத் திறந்து வேறு பேட்டரி போட்டார். இயர்போனை மாற்றினார். அத்தனை பேர் பார்க்கிற பதற்றத்தில் தன் காதில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பச்சை விளக்கு, சரியான சேனல், நிறைந்த சிக்னல். பதிவாளர் மூன்றாம் முறை கேட்டார்.

"உதடு அசையுது. சத்தம்தான் வரல."

"என்னய்யா மைக்குக்காரன் நீ?" என்றார் பதிவாளர். பின்னால் யாரோ, "ஹலோ ஹலோ" என்று கூப்பிட்டுக் காட்ட, வரிசை முழுவதும் சிரித்தது. பெயர் தெரிந்து சொன்னதல்ல. எந்த மைக்குக்காரனைக் கிண்டல் செய்யவும் ஊருக்குத் தெரிந்த வார்த்தை அதுதான். ஆனாலும் அந்தச் சிரிப்பு ஹலோவுக்கு எங்கே போய்ப் பட வேண்டுமோ அங்கே போய்ப் பட்டது. மாமனாரும் கூடச் சேர்ந்து சிரித்தார். கேட்காதவர் எதற்குச் சிரிக்கிறார் என்று நினைக்க ஹலோவுக்கு அப்போது நிதானம் இல்லை.

பதிவாளர் கேள்வியைத் தாளில் பெரிதாக எழுதி நீட்டினார். கிழவர் தாளைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார்.

"கண்ணாடி வீட்டுல இருக்குங்க ஐயா."

பதிவாளரின் பார்வை கிழவரின் சட்டைப் பையில் ஒரு கணம் நின்றது. கண்ணாடிக் கூட்டின் முனை அதிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பேனாவை மூடினார்.

"எழுதிக் குடுக்கறவருக்கு நான் கேக்கறது புரியணும். புரியாம என்னால பதிய முடியாது. கூட்டிட்டுப் போங்க. அடுத்தது யாரு?"

வெளியே படிக்கட்டில் மூவரும் நின்றார்கள். மகள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கணவன் மேல் பாய்ந்தாள்.

"ஊரெல்லாம் மாட்டத் தெரியுது. எங்க அப்பா காதுல ஒரு ஒயரை ஒழுங்கா மாட்டத் தெரியல. இதுக்குத்தான் ஹலோன்னு பேரா?"

அப்பா மாதிரியே கேட்டாள். ஹலோ கையிலிருந்த தோல் பையைத் திறந்து திறந்து மூடினார். அதில் இருக்க வேண்டிய டிரான்ஸ்மிட்டர் இல்லை. அவமானத்தில் அதைப் பதிவாளரின் கோட்டிலிருந்து கழற்றாமலே வந்துவிட்டார்.

அதே சமயம் கிழவர் சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பார்த்துக்கொண்டு, தோள் குலுங்க, தன்பாட்டுக்குச் சிரித்தார். ஹலோ இரண்டே எட்டில் போய் இயர்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தார். பதிவாளரின் குரல் கண்ணாடி மாதிரி வந்தது.

"...சட்டைப் பையில கண்ணாடியை வெச்சுட்டு கண்ணாடி இல்லங்கறான். காதும் அந்தக் கதைதான். கிழவனுக்கு நம்மளவிட நல்லாக் கேக்குது. நமக்கென்ன, அடுத்ததைக் கூப்பிடு."

ஹலோவின் முகத்தில் முதலில் வந்தது கோபம் அல்ல. நிம்மதி. தன் கையில் மைக் சாகவில்லை.

"கேட்டுச்சா மாமா? எல்லாமே கேட்டுச்சா?"

மாமனார் இயர்போனை வாங்கித் திரும்பக் காதில் பொருத்திக்கொண்டார். மருமகனின் உதட்டசைவிலிருந்து கேள்வியை எடுத்துக்கொண்டார்.

"ஒரு வாரமாக் கேக்குது மாப்ளே. உங்க மேசைக்கு வர்ற மைக்கெல்லாம் என் காதுலதான் இறங்குது. பழம் பெருசு. சாகாத சனியன். ச கொஞ்சம் சீறுதுன்னு சொன்னீங்களே, இப்ப சரியாயிடுச்சா?"

பிறகு மகளைப் பார்த்தார்.

"காதே இல்லாதவனுக்கு ஜன்னல் எதுக்கு. நல்லாச் சொன்னே. என் பொண்ணுன்னா இப்படித்தான் இருக்கணும்."

மகள் சிரிக்கவில்லை. என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அவள் நின்றது அந்த வீட்டுச் சரித்திரத்தில் அதுவே முதல்முறை. ஏதோ சொன்னாள். அவளிடம் மைக் இல்லை. கிழவர் அவள் வாயையே பார்த்தார். அவர் காதில் யாரோ ஒரு நிலத்தின் எல்லைகளை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

ஹலோ உள்ளே போய் டிரான்ஸ்மிட்டரை வாங்கிவந்தார். படிக்கட்டில் நின்று, மாமனார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பட்டனை அழுத்திப் பிடித்தார். விளக்கு அணைந்தது. அதைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். கிழவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். தன் குரலும் தனக்குக் கேட்காததால் அது கூடிக்கொண்டே போனது. தெருவில் சைக்கிள்கள் நின்றன.

அந்த வாரமே பாடம் நடத்துகிற கம்பெனி வேறு ஒருவனின் அறைக்குப் போய்விட்டது. ஹலோ மறுபடி மண்டபங்களில் பெட்டி தூக்குகிறார். மேசை ரிசீவரை ஏழாம் சேனலுக்கு மாற்றிவிட்டார். திட்டுவதை மட்டும் மாற்றவில்லை, அது தொழில்.

முன்னறையில் கிழவர் இருக்கிறார். நீலத் திரை இருக்கிறது. ரிசீவரை அவர் திருப்பித் தரவில்லை, ஹலோவும் கேட்கவில்லை. கடைக்குப் போய்த் தன் கையால் புது பேட்டரி வாங்கிப் போட்டுக்கொள்கிறார். என்ன போட்டு என்ன? எதிர்முனை திறந்தால்தானே. எதிர்முனை சாப்பாட்டு மேசையில் இருக்கிறது, அணைந்து, ஒரு பேனாவுக்குப் பக்கத்தில். பேனாவையும் அதையும் அங்கே வைத்தவர் ஹலோ. மகள் மேசை துடைக்கும்போது இரண்டையும் எடுத்து, கீழே துடைத்து, இருந்த இடத்திலேயே வைக்கிறாள்.

கிழவர் சாப்பிட உட்காரும்போது ஒரு தடவை மட்டும் அதை எடுப்பாள். பட்டனை அழுத்துவாள், பச்சை விளக்கு எரியும். மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுபோவாள்.

"அப்பா, கையெழுத்துப் போட்டுடுங்க."

நாள் முழுவதும் அவருக்குக் கிடைப்பது இந்த ஒரு வாக்கியம்தான். அதைக் கேட்டுவிட்டு அவர் தட்டைப் பார்ப்பார். கையால் ஒலிச் சக்கரத்தைத் தேடிக் கொஞ்சம் கூட்டுவார்.

"கேக்கலம்மா. இன்னொரு தரம் சொல்லு."

அவள் இன்னொரு தரம் சொல்லுகிறாள். பிறகு அணைத்துவிடுகிறாள்.